சுவரைப் பார்த்து உட்கார்ந்த மாலைகள்

வரும் பள்ளி விடுமுறையில் முதன்முறையாகத் தேர்வாளர் நாற்காலியில் அமரப்போகும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று நம் இசை மன்றத்தின் செயலாளர் கேட்டுக்கொண்டார். மதிப்பெண் தாளை நிரப்பும் முறை, எந்த நிலைக்கு எத்தனை உருப்படி, யாருக்கு எவ்வளவு நேரம் என்பவையெல்லாம் உங்களிடம் உள்ள கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேட்டின் பாதியை எழுதியவன் நான். ஆகவே அதில் என்ன இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது நான் தகுதி பெற்ற கதை. பெருமைக்குரியதாக அதில் அதிகம் இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கர்நாடக இசைத் தேர்வு நடத்துவதற்கு உள்ளூரில் ஒருவர்கூட இல்லை. ஆண்டுக்கொரு முறை சென்னையிலிருந்து ஓர் அம்மையார் வருவார். இசைக் கல்லூரியில் பல்லாண்டு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஈப்போவில் அவருக்கு நான்கு நாள் வேலை. ஒரு தமிழ்ப் பள்ளியின் வகுப்பறையை விடுமுறையில் இரவல் வாங்கி, சிறு பிள்ளைகளின் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் ஒரு பாயும் சுருதிப் பெட்டியும் வைப்போம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அதன் முனகல் சுருதியோடு சண்டை போடும் என்பார். ஈப்போவின் வெயிலில் நான்கு நாளும் எல்லாரும் நனைந்துகொண்டேதான் பாடினார்கள், நனைந்துகொண்டேதான் கேட்டோம். முதல் நாள் இடைவேளையில் கெட்டிப் பால் ஊற்றிய கோப்பியை வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காப்பியா, பாயசமா?" என்று கேட்டார். மறுநாளும் அதையே கேட்டார். ஆனால் இரண்டு குவளை குடித்தார்.

அவருக்கு விமானப் பயணம் ஒத்துக்கொள்ளாமல் போகத் தொடங்கியது. உள்ளூர் ஆள் ஒருவரைத் தயார் செய்துவிட்டால் நல்லது என்று மன்றம் முடிவு செய்தது. அப்போது நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வயலினும் வாய்ப்பாட்டும் முறையாகக் கற்றவன், பட்டயமும் வைத்திருந்தேன். அந்த வட்டாரத்தில் தேர்வாளராவதற்கு என்னைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று பிறர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்பே நான் அப்படி நினைத்துவிட்டேன்.

தகுதி பெற மூன்று பருவங்கள், அதாவது மூன்று ஆண்டுகள், வேண்டும். முதல் இரண்டு பருவங்களிலும் அம்மையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்காதபடி நானும் மதிப்பெண் எழுத வேண்டும். நாள் முடிவில் இரண்டு தாள்களையும் ஒப்பிடுவார். மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபடக் கூடாது. மூன்றாம் பருவத்தில் நான் முன்னால் அமர்ந்து நடத்துவேன். அவர் பின்னால் அமர்ந்து என்னைப் பார்ப்பார். பென்சிலால் எழுத வேண்டும். அழிப்பான் வைத்திருக்கக் கூடாது. பாடியவர் வெளியே போய்க் கதவைச் சாத்துவதற்குள் எண் தாளில் விழுந்துவிட வேண்டும். ஒருவரை இரண்டாம் முறை பாடச் சொல்லும் வழக்கம் கிடையாது. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்தப் பள்ளிக்கு முன்னால் போகும் சாலையில் குன்றுகளிலிருந்து சுண்ணாம்புக் கல் ஏற்றிய லோரிகள் ஓடும். லோரி போனால் தேர்வாளர் கையைத் தூக்குவார். பாடுபவர் நிறுத்திவிட்டு அந்த அடியை மறுபடி பாடுவார். அதற்கு மதிப்பெண் குறைவதில்லை. லோரி போனது அவருடைய குற்றம் இல்லையே.

முதல் பருவத்தில் நான் சறுக்கினேன். சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த ஒரு பெண்ணுக்கு அம்மையாரைவிடப் பதினொன்று கூடுதலாகப் போட்டிருந்தேன். அன்று பிற்பகலே, பட்டுப் புடைவையில் வந்த ஒரு வழக்கறிஞர் மகளுக்கு ஒன்பது குறைவாகப் போட்டிருந்தேன். அம்மையார் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"உங்க காது நல்ல காதுதான். ஆனா அது கண்ணைக் கேட்டுட்டுத்தான் பேசறது" என்றார். பிறகு, அடுத்த ஆண்டு நான் அறையில் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்றார். வருபவர் யார், என்ன உடுத்தியிருக்கிறார், எப்படி நிற்கிறார் என்பது எதுவும் எனக்குத் தெரியக் கூடாது.

முப்பத்தாறு வயதில், மாணவர்களை மூலையில் நிற்கவைத்துப் பழகிய ஓர் ஆசிரியரிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப வீட்டுலயே பழகிக்கிடுங்க. நம்ம வீட்டுல சுவருக்கா பஞ்சம்" என்றாள்.

என் மனைவியின் பெயர் பாக்கியம். கோப்பெங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அவள் முறையாக இசை கற்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவளுடைய அண்ணன் ஆர்மோனியம் வாசிப்பார். வெள்ளிக்கிழமைப் பஜனையில் அவர் பாட, இவள் திருப்பிப் பாடுவாள். அந்த வழியில் அவளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் தெரிந்திருந்தன. இராகத்தின் பெயர் தெரியாது. ஆனால் அதை விட்டு வெளியே கால் வைக்க மாட்டாள். நான் பெயரைச் சொன்னால், "அப்படியா, அதுக்குப் பேரு வேற இருக்கா?" என்பாள். திருமணமான புதிதில் அவள் வேலை செய்துகொண்டே பாடுவதைக் கேட்பதற்காகவே நான் பள்ளியிலிருந்து நேரே வீடு திரும்புவேன்.

நாங்கள் ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிய பின் பயிற்சி தொடங்கும். நான் கூடத்துச் சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மடியில் மதிப்பெண் தாளோடு உட்கார்வேன். எனக்குப் பின்னால் அவள் பாயில் அமர்ந்து பாடுவாள். வெறுமனே பாடினால் எனக்குப் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் வேண்டுமென்றே பிழைகளை ஒளித்துவைப்பாள். தாளத்தில் அரை எண்ணிக்கையை விழுங்குவாள். ஒரு சுரத்தை இழை அளவு இறக்குவாள். ஒரே அடியை மெருகேற்றித் திருப்பிப் பாடும் சங்கதிகளில் ஒன்றைத் தாவிவிடுவாள். எங்கே எதை ஒளிக்கப் போகிறாள் என்பதை, அன்று கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் முன்கூட்டியே எழுதி, சுருதிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவாள். நான் கண்டுபிடித்தவற்றைச் சொன்ன பிறகு தாளை எடுத்துச் சரிபார்ப்போம்.

இந்த ஏற்பாடு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று குரலை மாற்றி, "நம்பர் ஏழு சார். சிலிபின்ல இருந்து வாரேன் சார். பஸ்ஸு லேட்டுங்க சார்" என்பாள். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. "மார்க்கைக் கொறைச்சீங்கன்னா நாளைக்குக் கறியில உப்பு இருக்காது. இப்பவே சொல்லிட்டேன்லா" என்பாள். அப்படியே ஒருநாள் உப்பில்லாமல் சமைத்தும் வைத்தாள். நானும் மதிப்பெண்ணை மாற்றவில்லை. அம்மையார் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தொடக்கத்தில் அவள் ஒளித்த மூன்றில் ஒன்றைத்தான் பிடித்தேன். ஓராண்டில் ஒன்றும் தப்பவில்லை. இரண்டாம் பருவத்தில், ஈப்போ வகுப்பறையில் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்து நான் எழுதிய எண்கள் அம்மையாரின் எண்களிலிருந்து எங்கும் இரண்டுக்கு மேல் விலகவில்லை. "யார்கிட்டப் பழகினீங்க?" என்று கேட்டார். வீட்டில் பழகினேன் என்றேன். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. நானும் பாக்கியத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் பருவத்துக்கு முன் பயிற்சி இன்னும் கடுமையாயிற்று. என் காது அவ்வளவு கூர்மையாகிவிட்டதால் நாட்காட்டித் தாளைச் சரிபார்ப்பதைக்கூட விட்டுவிட்டோம். நான் சொல்வேன், அவள் "சரி" என்பாள், தாளை மடித்து என் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொள்வேன்.

அவளுடைய அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டுப் பலருக்கு விற்கப்பட்டபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பல திசைக்கும் போனார்கள். கோயில் பூட்டப்பட்டது. அவர் சில காலம் ஈப்போவில் காவல் வேலை பார்த்தார். பிறகு அவருடைய மனம் நிலைகுலைந்தது. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பாக்கியம் பேருந்து ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாள். சனிக்கிழமைகளில் எனக்குத் தனி வகுப்புகள் இருந்தன, நான் போனதில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை. அவள் பிற்பகலில் திரும்பினாள், சமைத்தாள், ஆறு மணிக்கு விளக்கேற்றினாள். நான் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். அன்று நம்பர் ஏழு வரவில்லை. நேராக வந்து பாயில் உட்கார்ந்தாள். ஆனந்தபைரவியில் ஒரு கோயில் பாட்டைத் தொடங்கினாள். அது அவளுடைய அண்ணன் கற்றுக்கொடுத்த பாட்டு என்பது எனக்குத் தெரியும். பல்லவியில் ஒரு தாளப் பிழை, குறித்துக்கொண்டேன். அனுபல்லவியில் ஒரு சங்கதி விடுபட்டது, குறித்துக்கொண்டேன். சரணத்தில் உச்சியில் இருக்கும் மேல் ஷட்ஜத்தைப் போய்த் தொட வேண்டிய இடம் வந்தது. குரல் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. மிகவும் நுட்பமான இறக்கம். அதுவரை அவள் ஒளித்தவற்றிலேயே அதுதான் அருமையானது என்று நினைத்தேன்.

மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது என் குரலில் வெற்றிக் களிப்பு இருந்தது. சுவரைப் பார்த்தபடி, "இதைப் பிடிக்க முடியாதுன்னு நினைச்சிருப்பே" என்றேன்.

சுருதிப் பெட்டியை மூடிவிட்டு, "ஆமா. சரியாப் பிடிச்சிட்டீங்க" என்றாள்.

தாளை மடித்துக் குறிப்பேட்டில் வைத்தேன். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அன்று கேட்டேனா என்பதை இத்தனை ஆண்டுகளாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். கேட்டிருக்க மாட்டேன்.

மூன்றாம் பருவம் வந்தது. நான் முன்னால் அமர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் பிற்பகல், குறிப்பேட்டில் சேர்ந்திருந்த நாட்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த வகைப் பிழையை எத்தனை முறை பிடித்தேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமையின் தாள் வந்தது. பின்புறத்தில் அவள் கையெழுத்தில் இரண்டு வரிகள் மட்டுமே இருந்தன. தாளம் ஒன்று, சங்கதி ஒன்று. மூன்றாவது வரி இல்லை.

பாக்கியம் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இதுல ரெண்டுதான் இருக்கு. நான் மூணு சொன்னேன்."

"ஆமா."

"அந்த ஷட்ஜம்?"

"அது நான் வச்சது இல்லங்க." கீரையிலிருந்து கையை எடுக்காமலேயே சொன்னாள். "அன்னைக்கு அண்ணனைப் பாத்துட்டு வந்தேன்ல. யாரு நீன்னு கேட்டுச்சு. பாக்கியம்ணே, உன் தங்கச்சின்னேன். அப்படியான்னுச்சு. அவ்வளவுதான்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

"நீங்க சரியாத்தானே சொன்னீங்க? கீழேதான் இருந்துச்சு. அதுக்கு மேல என்னத்தச் சொல்றது?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். தாளை மடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நாற்காலி சுவரைப் பார்த்தே கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் காலை வகுப்பறையில் முதன்முறையாக நான் பாயின் எதிரே, பாடுபவரின் முகத்தைப் பார்த்து அமர்ந்தேன். எனக்குப் பின்னால் அம்மையார் தம்முடைய தாளோடு இருந்தார். பதின்மூன்று பேர்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதினான்காவதாக வந்தவர் முப்பது வயதுப் பெண். ஆசிரியர் நிலைத் தேர்வுக்கு வந்திருந்தார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. இந்தத் தேர்வில் தேறினால் அவர் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் வகுப்பு நடத்த அனுமதிப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். உட்காரும்போதே அதைச் சொன்னார். சொல்லக் கூடாது என்பது விதி, பதற்றத்தில் சொல்லிவிட்டார்.

நன்றாகத்தான் பாடினார். சரணத்தில் மேல் ஷட்ஜம் வந்தது. குரல் கீழே நின்றது. முந்தைய நாள் வரை என் காதுக்குள் இருந்த அதே இறக்கம், ஏறத்தாழ அதே இடத்தில். நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. மின்விசிறி நின்ற அறை, வேர்வையாகவும் இருக்கலாம். அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. வீட்டில் இவருக்கு என்ன நேர்ந்ததோ, காலையில் யாரைப் பார்த்துவிட்டு வந்தாரோ என்றுதான் எண்ணினேன். என் கை தானாக உயர்ந்தது.

"லோரி போச்சுங்க. சரியாக் கேக்கல. அந்த அடியை இன்னொரு தடவை பாடுங்க" என்றேன்.

சாலையில் எதுவும் போகவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாடினார். குரல் அதே இடத்தில், அதே அளவு, கீழே நின்றது. துயரம் இரண்டு முறை ஒரே அளவாக இறங்காது என்பதை அறியும் அளவுக்கு என் காது பழகியிருந்தது. அவருக்கு அந்தச் சுரம் எட்டவில்லை, அவ்வளவுதான். பாட்டிலோ கண்ணிலோ மறைந்திருந்த செய்தி எதுவும் இல்லை.

எழுந்து வணங்கிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். கதவு சாத்தப்படுவதற்கு முன் எழுத வேண்டும். சுருதிப் பகுதியில் தேர்ச்சிக்குரிய குறைந்த அளவுக்கு இரண்டு குறைவாக எழுதினேன். சில வாரங்களுக்கு முன் சோகத்தைப் பிழை என்று எண்ணினேன். அன்று பிழையைச் சோகம் என்று எண்ணினேன். இரண்டு முறையும் காது சரியாகவே கேட்டிருந்தது.

மாலையில் தாள்களை ஒப்பிட்டோம். பதினான்காம் எண்ணுக்கு அம்மையாரும் நானும் ஒரே மதிப்பெண் போட்டிருந்தோம். அன்று பாடிய எவருக்கும் ஒன்றுக்கு மேல் வேறுபாடு இல்லை. எண்களை மட்டும் பார்த்தால் நான் தகுதி பெற்றுவிட்டேன். அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"லாரி போச்சா?"

"போகலங்க."

"பின்னே?"

"நான் வீட்டுல ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதை இங்க சரி பண்ணப் பாத்தேன்" என்றேன்.

அவர் என்னைத் துருவிக் கேட்கவில்லை. சற்று நேரம் சுருதிப் பெட்டியின் துருத்தியைத் தடவிக்கொண்டிருந்தார். "வீட்டுத் தப்பை வீட்டுல இருக்கறவாகிட்டச் சரி பண்ணுங்கோ. அந்தப் பொண்ணு என்ன பண்ணினா? முதல் தரம் நன்னாத்தான் பாடினேன், லாரி கெடுத்துடுத்துன்னு நினைச்சுண்டு இன்னும் பத்து வருஷம் அதே ஷட்ஜத்தைப் பாடிண்டிருப்பா. நீங்க அவளுக்குக் கொடுத்தது அதுதான்" என்றார்.

அவர் எழுதிய அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எனக்குரிய பகுதி இரண்டே வரிகள்: காது தயார். ஆளுக்கு இன்னும் ஓராண்டு வேண்டும்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. "ஃபெயிலா? நீங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு பல வாரங்களுக்குப் பின் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சீங்க. வாத்தியாரு சோதனையில கோட்டை விட்டுட்டாருன்னு தோரணம் கட்டிருவானுங்க." நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றேன். கீரைத் தண்டைக் குப்பையில் போடுவதுபோல அத்தனை இயல்பாக, "அதுக்கு வேற ஆளைப் பாருங்க. நான் இனிமே உங்களுக்குப் பாட மாட்டேன்" என்றாள்.

அவள் வாக்கைக் காப்பாற்றினாள்.

அடுத்த முதல் சனிக்கிழமை என் வகுப்புகளை நிறுத்திவிட்டு அவளோடு தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போனேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. பேருந்தில் ஜன்னல் ஓர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். மருத்துவமனையின் நீண்ட கூடத்தில் அவளுடைய அண்ணன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், தலை வாரி விடப்பட்டிருந்தது. அவரை வணங்கினேன், அவரும் என்னை மரியாதையாக வணங்கினார், வெளியூர்க்காரரை வணங்குவதுபோல. பாக்கியம் கொண்டுபோயிருந்த வடையைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். சற்று நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் அந்த மரத்துகிட்டப் போய் நில்லுங்க" என்றாள்.

வெளியே ஓர் அங்சானா மரம் இருந்தது. அதன் நிழலில், கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியே அவள் குரல் வந்தது. அந்தப் பாட்டுத்தான். மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில் பாடினாள். என் சட்டைப் பையில் பென்சில் இருந்தது, எப்போதும் இருக்கும். மேல் ஷட்ஜம் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும். அது வந்தபோது நான் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில், "அண்ணன் தொடையில தாளம் போட்டுச்சு" என்றாள்.

"உன்னைத் தெரிஞ்சுதா?"

"என்னைத் தெரியலங்க. தாளம் தப்பல."

அதன் பிறகு அவர் இருந்த ஆண்டுகள் முழுவதும், முதல் சனிக்கிழமைகளில் நான் அந்த மரத்தடியில் நின்றேன்.

அடுத்த பருவத்தில் தகுதி பெற்றேன். எண்பதுகளின் தொடக்கம் அது. தனியாகப் பயின்றேன், தனியாகவே தேறினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முந்தைய ஆண்டு பதினான்காம் எண்ணில் வந்திருந்த பெண் அந்த ஆண்டு மறுபடி வந்தார். ஒருமுறை தவறியவரை அதே தேர்வாளர் மறுபடி கேட்கக் கூடாது என்ற விதிப்படி அவரை அம்மையாரிடமே அனுப்பினோம். பாடி முடித்து வெளியே வந்தவரை வராந்தாவில் நிறுத்தி, சென்ற ஆண்டு லோரி எதுவும் போகவில்லை, நான் பொய் சொன்னேன் என்று கூறினேன்.

"தெரியும் சார்" என்றார் அவர். "நான் ரோட்டைப் பாத்துதானே உக்காந்திருந்தேன்? லோரி போனா எனக்குத் தெரியாதா? சார் பாவம், வெயில்ல என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சேன்." பிறகு, "எனக்கு அந்த ஷட்ஜம் எட்டாது சார். இந்தத் தடவை அரைக் கட்டை கொறைச்சு வச்சுக்கிட்டுப் பாடிட்டேன்" என்றார். சுருதியை அவர் குரலுக்கு ஏற்பத் தாழ்த்திக்கொண்டால் போதும் என்று என் மதிப்பெண் தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் அவருடைய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முறை அவர் தேறினார்.

நண்பர்களே, கேட்டதை எழுதுங்கள். கேட்காததை இரக்கத்தாலும் எழுதாதீர்கள். இவை கையேட்டிலேயே இருக்கின்றன. கையேட்டில் இல்லாதது இதுதான்: கடைசி ஆள் கதவைச் சாத்தியதும் பென்சிலை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்தக் காதை வீட்டுக்குக் கொண்டுபோனால், நீங்கள் எடைபோடுவது வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

பாக்கியம் பாடுவதை நிறுத்தவில்லை. எனக்குப் பாடுவதைத்தான் நிறுத்தினாள். நான் இல்லாத நேரத்தில் சமையலறையில் பாடுவாள். என் மோட்டார் சைக்கிள் எங்கள் வரிசைக்குள் திரும்பும் ஒலி கேட்டால் பாட்டு நின்றுவிடும். அதைக் கண்டுகொண்ட பிறகு, சாலை முனையிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவேன். வாசல் கேட்டுக்கு வெளியே, செம்பருத்திச் செடியை ஒட்டி நிற்பேன். சில நாள் ஒரு பாட்டு முழுவதும் கிடைக்கும். சில நாள் சரணம் மட்டும். முடிந்த பிறகு சற்றுப் பொறுத்துத் தாழ்ப்பாளை ஓசையோடு திறப்பேன். பல ஆண்டுகள் இப்படிப் போயின. அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் சோறு பரிமாறும்போது சொன்னாள்: "பக்கத்து வீட்டுச் சீன அம்மா கேட்டாங்க, உன் வீட்டுக்காரரு ஏன் தெனமும் கேட்டுக்கு வெளியவே நிக்கிறாருன்னு."

"என்ன சொன்னே?"

"லோரி போகட்டும்னு நிக்கிறாருன்னு சொன்னேன்."

குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் பாடினாள். நான் மறுநாளும் வெளியே நின்றேன். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

சென்ற தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அவள் காலமானாள். வீடு அதேதான். இப்போது என்னிடம் மோட்டார் சைக்கிள் இல்லை; பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிறேன். கேட்டருகே வந்ததும், சாவி கையில் இருந்தாலும், செம்பருத்திச் செடியை ஒட்டிச் சற்று நேரம் நிற்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. மாலையில் வாசலில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் இப்போது எதுவும் கேட்பதில்லை. நான் வந்து நின்றதும் கையை நீட்டி வானொலியின் ஒலியைக் குறைத்துவைக்கிறார்.